ராத்திரி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்

விமானப் போக்குவரத்து விதிகளைப் போடுற டிஜிசிஏவோட தலைமை இயக்குநர் அவர்களுக்கும், விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும்,

2025 டிசம்பர் 5-ம் தேதி நீங்க எடுத்த ரெண்டு முடிவைப் பத்தித்தான் எழுதுறேன். பைலட் எடுக்குற லீவை வாராந்திர ஓய்வுக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு நீங்களே போட்டிருந்த விதியை நீங்களே வாபஸ் வாங்குனீங்க, அது ஒண்ணு. ராத்திரி டூட்டி விதிகள்லேருந்து இண்டிகோவுக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரைக்கும் விலக்கு குடுத்தீங்க, அது ரெண்டாவது. தமிழ்லதான் எழுதுறேன், டெல்லியில இதைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் இல்லாமலா போயிடுவாங்க.

நான் பைலட் இல்ல. 28 வருஷம் நைட் சர்வீஸ் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். என் பொண்ணு பைலட். ஒரு பட்ஜெட் ஏர்லைன்ல மூணு வருஷமா கோ-பைலட்டா இருக்கா. எந்த ஏர்லைன்னு சொல்ல மாட்டேன், டிவில வந்த இண்டிகோவா வேற கம்பெனியான்னும் கேக்காதீங்க. அவகிட்ட படிச்சுக் காட்டிட்டுத்தான் இதைப் போடுறேன், "பேரு, கம்பெனி, ஃப்ளைட் நம்பர் மூணும் வரக்கூடாதுப்பா"ன்னு மட்டும் சொன்னா. அவளைப் படிக்க வைக்க ஊர்ல இருந்த நிலம் போச்சு, என் ரிட்டயர்மென்ட் காசு போச்சு, பேங்க் லோன் இன்னும் போய்ட்டு இருக்கு. அதைச் சொல்லிப் புலம்ப வரல, அவ ஏன் பேர் போட்டு எழுத முடியாதுன்னு உங்களுக்குப் புரியணும்னு சொன்னேன்.

தூக்கத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை முதல்ல சொல்லிடுறேன். ராத்திரி வண்டி ஓட்டுறவனுக்கு பன்னெண்டு மணியெல்லாம் ஒரு விஷயமே இல்ல, ஒண்ணு, ஒண்ணரை வரைக்கும் கூட பாட்டு போட்டு சமாளிச்சுடலாம். அதுக்கப்புறம் விடியுற வரைக்கும்தான் ஆளைத் தின்னும். சென்னையில ராத்திரி எட்டு மணிக்கு எடுத்தா திருச்சி தாண்டி துவரங்குறிச்சி வரும்போது கரெக்டா அந்த நேரம் வந்துடும். நாலு வழி ரோடு வராத காலத்துல ஒரு நாள், கண்ணு திறந்துதான் இருந்துச்சு, ரோட்டைப் பாத்துட்டுத்தான் இருந்தேன், ஆனா நடுவுல எவ்வளவு தூரம் வந்தேன்னு மட்டும் மண்டையில இல்ல, அடுத்து எனக்குத் தெரிஞ்சது இடது பக்க டயர் மண்ணுல ஏறுன சத்தமும் ஹெட்லைட் வெளிச்சத்துல நேரா நிக்குற சுண்ணாம்பு அடிச்ச புளியமரமும்தான். ஸ்டியரிங்கை ஒடிச்சுட்டேன். பின்னாடி நாப்பது பேருக்கு மேல தூங்கிட்டு இருந்தாங்க, ஒருத்தரும் முழிக்கல. கண்டக்டர் மட்டும் "என்னண்ணே, பள்ளமா?"ன்னார். "ஆமா, பள்ளம்"னேன். இன்னைக்கு வரைக்கும் அது பள்ளம்தான், என் வீட்டம்மாவுக்கே இதைப் படிச்சுத்தான் தெரியப்போகுது.

மேலூர்ல டீக்கடையில ஓரம் கட்டி மூஞ்சில தண்ணி அடிச்சு, கண்ணுக்குக் கீழ தைலம் தடவி, கண்டக்டரைப் பக்கத்துல உக்கார வச்சு ஊர்க்கதை பேசிட்டே மதுரை போய்ச் சேந்தேன். இப்பல்லாம் ராத்திரி ஹைவேல போலீஸ்காரங்களே வண்டியை நிறுத்தி டிரைவரை முகம் கழுவச் சொல்லி டீ குடுத்து அனுப்புறாங்க, நல்ல விஷயம், நான் ஓட்டுறப்ப அது இல்ல. என் பொண்ணு போற ரோட்டுல ஓரம் கட்ட இடமே கிடையாது.

எனக்கு அன்னைக்கு நடந்ததுக்குப் பேரு மைக்ரோஸ்லீப்னு அவதான் சொன்னா. சில நொடி மூளை கடையை மூடிடும், கண்ணு திறந்தபடியே இருக்கலாம், மூடினது நமக்கே தெரியாது. விடியக்காலை 2 மணியிலேருந்து 6 மணி வரைக்கும் உடம்பு ரொம்ப இறங்கிப் போற நேரம்னு உங்க விதிப் புத்தகத்துலயே எழுதி வச்சிருக்கீங்களாமே, அதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, 28 வருஷம் ஓட்டிக் கத்துக்கிட்டது அங்க ஒரே வரியில இருக்கு.

இப்ப என் வீட்டுல நடந்ததைச் சொல்றேன்.

போன ஆடி மாசம். அன்னைக்கு அவளுக்கு காலைல 5.15-க்கு ஏர்போர்ட்ல ரிப்போர்ட்டிங். நாங்க இருக்குறது ஊரப்பாக்கம். 5.15-க்கு அங்க நிக்கணும்னா கேப் நாலு மணிக்கு வாசலுக்கு வரும், வழியில இன்னொருத்தரை ஏத்தணும், அப்போ இவ மூணு மணிக்கு எந்திரிக்கணும். உங்க பழைய விதிப்படி ராத்திரிங்கிறது 12-லேருந்து 5 வரைக்கும்தான், அதனால 5.15-க்கு ஆரம்பிச்ச அந்த டூட்டி ராத்திரி டூட்டியே இல்ல, பகல் டூட்டி. மூணு மணிக்கு அலாரம் அடிச்சப்போ எங்க தெருவுல நாய் கூட எந்திரிக்கல.

நாலு செக்டார் பறந்தா. நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்குறது, நடுவுல அரை மணி நேரம் வண்டி நிக்கும், அந்த அரை மணில பயணிங்க இறங்கணும், ஏறணும், எண்ணெய் போடணும், அடுத்த பயணத்துக்கு பேப்பர் வேலை முடிக்கணும், இவ சாப்பிடுறதும் பாத்ரூம் போறதும் அதுக்குள்ள. மத்தியானம் 1.40-க்கு டூட்டி முடிஞ்சுது. அடுத்த ரிப்போர்ட்டிங் அன்னைக்கு ராத்திரியே 2.10-க்கு, தேதி மட்டும்தான் வேற. நடுவுல 12 மணி 30 நிமிஷம் ஓய்வு. 12 மணி நேரம் குடுத்தா போதும்னு விதி, அரை மணி கூடவே குடுத்துட்டாங்க, ஒருத்தரும் தப்பு சொல்ல முடியாது.

அந்தப் பன்னெண்டரை மணி நேரம் எங்க போச்சுன்னு பாருங்க. கேப் இன்னொருத்தரை மேடவாக்கத்துல இறக்கிட்டு ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்ல வந்து சேந்தப்போ மணி 3.15. குளிச்சு சாப்பிட்டு நாலரைக்குப் படுத்தா. ஜன்னல்ல கறுப்புத் துணி ஒட்டி வச்சிருக்கோம், காலிங்பெல் வயரைப் பிடுங்கி வச்சிருக்கோம், குக்கர் விசில் கூட அவ படுத்தா கிடையாது. ஆனா ஆடி மாசம் சார், தெருமுனை அம்மன் கோவில்ல அஞ்சு மணிக்கு ஸ்பீக்கர் ஆரம்பிச்சாங்க. நான் போய் கேட்டேன், "பொண்ணு ராத்திரி பிளேன் ஓட்டணும், கொஞ்சம் சவுண்டு குறைங்க"ன்னு. நல்ல பசங்க, குறைச்சாங்க, கூழ் கூட குடுத்து அனுப்புனாங்க. நான் திரும்பி வரும்போது அவ எந்திரிச்சு உக்காந்திருந்தா. உடம்பு அந்த நேரத்துக்குத் தூங்க மாட்டேங்குதுப்பான்னா. எட்டு மணிக்கு மறுபடி படுத்து எப்போ தூங்குனாளோ, பன்னெண்டுக்கு அலாரம், ஒரு மணிக்கு கேப். மொத்தம் நாலு மணி நேரத் தூக்கம் தேறியிருந்தா பெருசு.

அந்த ரவுண்டு முடிச்சு மறுநாள் வந்தவ சாயங்காலம் பேங்குக்குப் போகணும்னா. ஸ்கூட்டி சாவியை எடுத்து அவ கையில குடுத்தேன். வாங்கல. "நீங்க ஓட்டுங்கப்பா, எனக்குக் கண்ணு செருகுது, நான் ஓட்டினா எங்கயாவது இடிச்சுடுவேன்"னு சொல்லிட்டு பின்னாடி ஏறி உக்காந்தா. கூடுவாஞ்சேரி வரைக்கும் என் முதுகுல தலை சாய்ஞ்சுதான் வந்தா. அவ இறக்குன ஏர்பஸ்ல 180 சீட்டு. அதை இறக்கி சில மணி நேரம்தான் ஆயிருந்துச்சு. ஸ்கூட்டி ஓட்ட மாட்டேன்னு சொல்ல அவளுக்கு அப்பா இருக்கேன், அங்க யார்கிட்ட சொல்லுவா?

இதுல விதி மீறல் ஒண்ணு கூட இல்ல. அதுதான் என் புகார். நீங்க எல்லையா போட்ட கோட்டை கம்பெனிங்க இலக்கா எடுத்துக்கிட்டாங்க. பட்ஜெட் ஏர்லைனோட கணக்கு எனக்கும் புரியும் சார், வண்டி டெப்போல நின்னா கலெக்‌ஷன் கிடையாது, பிளேன் தரையில நின்னா அதே கதை, அதனால ஒரு பிளேனை ஒரு நாள்ல எத்தனை நடை அடிக்க முடியுமோ அத்தனை நடை, எத்தனை கம்மி பைலட்டை வச்சு ஓட்ட முடியுமோ அத்தனை கம்மி. டிக்கெட் ஆயிரத்து சொச்சத்துக்குக் கிடைச்சா நானும்தான் சந்தோஷமா புக் பண்ணுவேன், அந்த விலை யார் கண்ணுலேருந்து வருதுன்னு எனக்கே என் பொண்ணு வேலைக்குப் போற வரைக்கும் தெரியாது. பஸ், லாரி டிரைவருக்கே 1961-ல சட்டம் போட்டு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு வச்சாங்க, அதுவும் பேப்பர்ல எப்படி ரோட்டுல எப்படின்னு எனக்குத் தெரியும், அதனாலதான் உங்க பேப்பரை நான் இவ்வளவு உத்துப் பாக்குறேன்.

நல்ல விதியை நீங்க போடலன்னு சொல்ல மாட்டேன். 2024 ஜனவரியில போட்டீங்க. வார ஓய்வு 36 மணி நேரம் இருந்ததை 48 ஆக்குனீங்க, ராத்திரிங்கிறதை 5 மணியிலேருந்து 6 மணி வரைக்கும் நீட்டுனீங்க, ராத்திரி டூட்டில ஆறு லேண்டிங் வரைக்கும் இருந்ததை ரெண்டாக்குனீங்க, பைலட்டுங்க களைப்பைப் பத்தி மூணு மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனிங்க உங்களுக்கு ரிப்போர்ட் தரணும்னீங்க. அதைப் படிச்சுட்டு எங்க வீட்டுல அன்னைக்கு கேசரி கிண்டினோம், பொய் சொல்லல. ஜூன் 1-லேருந்து அமல்னீங்க. அப்புறம் கம்பெனிங்க கேட்டாங்கன்னு தள்ளி வச்சீங்க. பைலட் சங்கங்க டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போய்த்தான் ரெண்டு தவணையா, 2025 ஜூலை 1-லயும் நவம்பர் 1-லயும்னு தேதி வந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். ரெண்டு வருஷத்துல ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்க முடியாதா?

நவம்பர் 1 வந்துச்சு, ஒரு மாசத்துக்கு மேல தாக்குப் பிடிக்கல. டிசம்பர் முதல் வாரத்துல இண்டிகோ ஃப்ளைட்டுங்க வரிசையா கேன்சல், 5-ம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேல. ஏர்போர்ட்ல பெட்டி மலையா குமிஞ்சு கிடந்ததையும் ஜனங்க தரையில படுத்துக் கிடந்ததையும் நானும் டிவில பாத்தேன், கல்யாணத்துக்குப் போக முடியாதவங்க, ஆபரேஷனுக்குப் போக முடியாதவங்க, எல்லாம் நிஜமான கஷ்டம், இல்லன்னு சொல்லல. எங்க திட்டமிடல்ல தப்பு ஆயிடுச்சுன்னு அந்தக் கம்பெனியே ஒத்துக்கிட்டது. அப்படி ஒத்துக்கிட்டவங்களுக்கு நீங்க என்ன பண்ணீங்க? ராத்திரி விதியிலேருந்து விலக்கு குடுத்தீங்க. தப்பு ஆபீஸ்ல நடந்துச்சு, அதுக்கான பாக்கியை காக்பிட்ல உக்காந்திருக்குறவன் தூக்கத்துலேருந்து எடுத்துக் குடுத்தீங்க. அந்த ஒரு கம்பெனி பைலட்டுக்கு மட்டும் ராத்திரி வேற மாதிரி வருமா சார்? விடியக்காலை மூணு மணிக்கு அவர் கண்ணு மட்டும் செருகாதா?

இதுக்கு அவசரம், வேற வழி இல்லைன்னு சொல்லுவீங்க. வேற வழி இருந்துச்சுன்னு நீங்களே காட்டிட்டீங்களே, நாலே நாள் கழிச்சு 9-ம் தேதி அந்தக் கம்பெனியோட ஃப்ளைட்டை 10 சதவீதம் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டீங்க. 9-ம் தேதி குறைக்க முடிஞ்சதை அக்டோபர்ல ஏன் குறைக்கல? நவம்பர் 1-ல புது விதி வருதுன்னு தேதி போட்டு வச்சிருந்ததும் நீங்கதான், அதே கம்பெனிக்கு குளிர்கால அட்டவணையில போன வருஷத்தை விட 9 சதவீதத்துக்கு மேல கூடுதல் ஃப்ளைட்டுக்கு அனுமதி குடுத்ததும் நீங்கதான். ஒரு டெப்போ மேனேஜர் டிரைவர் லிஸ்டைப் பாக்காம புது ரூட்டுக்கு கையெழுத்து போட மாட்டார். நான் வேலை பாத்த காலத்துல அப்படித்தான், ஆள் இல்லைன்னா நடை கட்.

லீவு விஷயம் இதை விடக் கேவலம். நம்ம ஊருல பண்டிகைக்கோ அம்மா உடம்புக்கோ லீவு போட்டவனைப் பாத்து, அதான் லீவுல இருந்தியே, உன் வார ஓய்வு அதுலயே முடிஞ்சுதுன்னு சொல்ற மாதிரி. ஆஸ்பத்திரி வராந்தாவுல ரெண்டு நாள் முழிச்சுக் கிடந்தது ஓய்வா? இந்த வாபஸ் ஒரு கம்பெனிக்கு மட்டும் இல்ல, எல்லா கம்பெனிக்கும். அதாவது என் பொண்ணுக்கும்.

மங்களூரை நீங்க மறந்திருக்க மாட்டீங்க, ஆனாலும் சொல்றேன். 2010 மே 22, துபாய்லேருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், அதுவும் பட்ஜெட் ஏர்லைன்தான், காலைல ஆறு மணி தாண்டி இறங்கும்போது ரன்வே தாண்டிப் போய் பள்ளத்துல விழுந்து எரிஞ்சுது. 166 பேர்ல 158 பேர் போயிட்டாங்க, எட்டே பேர் பொழைச்சாங்க. விசாரணை அறிக்கையில இருக்கு, காக்பிட் ரெக்கார்டர்ல பதிவான 2 மணி 5 நிமிஷத்துல முதல் 1 மணி 40 நிமிஷம் கேப்டன் தூங்கிட்டு இருந்தார், குறட்டைச் சத்தம் கூட பதிவாயிருக்கு. அப்புறம் எந்திரிச்சு இறக்குனார், ரொம்ப உயரத்துலேருந்து தப்பா இறக்குனார், கோ-பைலட் மேல ஏத்திடுங்க, மேல ஏத்திடுங்கன்னு மூணு தடவை சொல்லியும் நிறுத்தல. தூங்கி எந்திரிச்ச கலக்கமும் அந்த விடியக்காலை நேரமும் காரணத்துல ஒண்ணுன்னு அறிக்கையே சொல்லுது. அந்த அறிக்கையில எல்லாரும் கேப்டனைப் பாப்பாங்க. நான் வலது பக்க சீட்டைத்தான் பாக்குறேன், ஏன்னா என் பொண்ணு உக்காருறது அங்கதான். அவ முழிச்சிருந்து மூணு தடவை கத்தினாலும் பக்கத்துல இருக்குறவர் மூளை முழிக்கலைன்னா என்ன ஆகும்னு அதுல எழுதியிருக்கு. சரி, ரெண்டு பேரும் தூங்கிட்டா? அதுவும் நடந்திருக்கு, 2024 ஜனவரியில இந்தோனேசியாவுல பாட்டிக் ஏர் ஃப்ளைட்ல, 153 பயணிங்க பின்னாடி, கேப்டனும் கோ-பைலட்டும் ஒரே நேரத்துல 28 நிமிஷம் தூங்கிட்டாங்க. கோ-பைலட் வீட்டுல ஒரு மாசக் குழந்தைங்க, ரெட்டைக் குழந்தைங்க. அவனைத் திட்ட எனக்கு மனசு வரல. நம்ம ஊருல சேஃப்டி மேட்டர்ஸ் ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு 2022-ல 542 பைலட்டுங்ககிட்ட கேட்டப்போ 66 சதவீதம் பேர் பக்கத்துல இருக்குறவர்கிட்ட சொல்லாமயே காக்பிட்ல கண் அசந்திருக்கோம்னு ஒத்துக்கிட்டாங்க. மூணுல ரெண்டு பேர் சார். அதுவும் பேர் வெளிய வராதுன்னதால சொன்னாங்க.

வெளிய சொன்னா என்ன ஆகும்? என் பொண்ணு ஒரே ஒரு தடவை சொல்லிப் பாத்தா. தொடர்ந்து ராத்திரி டூட்டி, அதுக்கு மேல ஸ்டாண்ட்பைல இருந்தவளைக் கூப்பிட்டு ரோஸ்டர்ல இல்லாத ஃப்ளைட் போடச் சொன்னப்போ, நான் ஃபட்டீக்ல, அதாவது களைப்புல இருக்கேன், பறக்குற நிலைமையில இல்லைன்னு போன்ல சொன்னா. நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தேன். அந்தப் பக்கம் பேசுன தம்பி மரியாதையாத்தான் பேசுனார், "மேம், அப்போ சிக் லீவ்னு போட்டுடட்டுமா?"ன்னார். இல்ல, உடம்பு நல்லாத்தான் இருக்கு, இது ஃபட்டீக்னா. "ஃபட்டீக்னா ஃபார்ம் ஃபில் பண்ணனும் மேம், மேல விசாரிப்பாங்க, சிக்னா ஈசி"ன்னார். கடைசியில சிக்னுதான் போட்டாங்க. அடுத்த மாசம் சிக் லீவ் ஏன் அதிகம்னு விளக்கம் கேட்டு மெயில் வந்துச்சு. எனக்கு என் கண்டக்டர் ஞாபகம்தான் வந்துச்சு. பள்ளமா? ஆமா, பள்ளம். உங்க ஆபீஸ்ல இருக்குற ஃபட்டீக் கணக்குல என் பொண்ணோட அந்த நாள் கிடையாது, காய்ச்சல் கணக்குல இருக்கு.

வேலையை விட்டுடலாமேன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை, கோ-பைலட்டுக்கு ஆறு மாசம், கேப்டனுக்கு ஒரு வருஷம் நோட்டீஸ் குடுக்கணும்னு 2017-லேருந்து உங்க விதி. மத்த எந்த வேலையிலயும் இவ்வளவு நோட்டீஸ் நான் கேள்விப்பட்டதில்ல. பைலட் திடீர்னு போனா பயணிங்களுக்குக் கஷ்டம்னு காரணம் சொல்றீங்க, சரி, அப்போ பைலட்டைப் பத்திரமா வச்சுக்கணும்ங்கிறதுக்கும் அதே அளவு கறார் வேணாமா?

டூட்டிக்கு முன்னாடி பைலட்டை ஊதச் சொல்றீங்க. ரொம்ப சரி, ஒரு சொட்டு இருந்தாலும் ஏறக்கூடாது, அதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்ல. ஆனா 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தவன் வேலை செய்யுற லட்சணம் ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் இருக்குறவன் மாதிரின்னு 1997-லயே ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க. நம்ம நாட்டு ரோட்டுல 0.03 சதவீதம் தாண்டினாலே குடிச்சிட்டு ஓட்டினதா கேஸ். மூணு மணிக்கு முழிச்சவ டூட்டி, ஜிஎஸ்டி ரோடு, ஆடி மாசம் எல்லாம் சேத்து எத்தனை மணி நேரம் முழிச்சிருந்தான்னு கண்டுபிடிக்க ஒரு மெஷினும் இல்ல. இருக்குறது உங்க விதி மட்டும்தான், அதையும் கழட்டிக் குடுத்துட்டீங்க.

எனக்கு வேண்டியதைச் சொல்லி முடிச்சுடுறேன்.

முதல்ல, இண்டிகோவுக்குக் குடுத்த ராத்திரி விலக்கை பிப்ரவரி 10 வரைக்கும் இழுக்காம இப்பவே எடுங்க. 10 சதவீதம் ஃப்ளைட் குறைச்ச பிறகு அந்த விலக்குக்கு என்ன தேவை? அது பத்தலைன்னா இன்னும் குறைங்க. இனிமே எந்தக் கம்பெனிக்கும் ஆள் பத்தலைங்கிற காரணத்துக்காக ஓய்வு விதியில விலக்கு கிடையாதுன்னு எழுத்துல குடுங்க, ஃப்ளைட் கேன்சல் ஆனா ஜனங்களுக்கு முழுப் பணமும் நஷ்ட ஈடும் கம்பெனி குடுக்கட்டும், அது அவங்க பாக்கி.

லீவு வேற, வார ஓய்வு வேறன்னு இருந்த அந்த ஒரு வரியை இருந்த இடத்துலயே திரும்பப் போடுங்க.

கோடைக்கால அட்டவணைக்கு அனுமதி குடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் எத்தனை கேப்டன், எத்தனை கோ-பைலட் வச்சிருக்காங்க, புது விதிப்படி அவங்களை வச்சு எத்தனை ஃப்ளைட் ஓட்ட முடியும்னு தலை எண்ணிப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க, அந்தக் கணக்கை எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடுங்க.

ஃபட்டீக்னு சொல்ற பைலட் கம்பெனியைத் தாண்டி உங்களுக்கே நேரா, பேர் வெளிய போகாம எழுதுறதுக்கு ஒரு வழி வேணும். அப்படிச் சொன்ன நாளுக்கு சம்பளமும் லீவும் பிடிக்கக் கூடாது, அதை சிக்னு மாத்தி எழுதுறது தப்புன்னு விதியில வரணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனிங்க தர்ற ஃபட்டீக் ரிப்போர்ட்ல எத்தனை வந்துச்சு, எத்தனையை ஏத்துக்கிட்டாங்க, எத்தனையைத் தள்ளுனாங்கன்னு கம்பெனி வாரியா போடுங்க. டிக்கெட் விலையைப் பாத்து புக் பண்ற மாதிரி அதையும் பாத்து புக் பண்றோம்.

அந்த 12 மணி நேர ஓய்வை வீட்டு வாசல்ல கேப் இறக்கி விடுற நிமிஷத்துலேருந்து திரும்ப ஏத்துற நிமிஷம் வரைக்கும் எண்ணுங்க. மேடவாக்கம் சிக்னல்ல நிக்குறதை ஓய்வுன்னு எண்ணாதீங்க.

நீங்களோ உங்க ஆபீசர் ஒருத்தரோ சென்னைக்கு வந்தா ஊரப்பாக்கம் வாங்க, ராத்திரி ஒரு மணி கேப்ல அவகூட போக முடியாது, ஆனா அவ படுக்கப் போற நாலரை மணிக்கு எங்க வீட்டு ஹால்ல உக்காந்து பாக்கலாம். காலிங்பெல் வேலை செய்யாது, கதவை மெதுவா தட்டுங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருத்தர்,
ஊரப்பாக்கம்